காலத்துக்கும் கிடக்கிற மூடாக்கு வேண்டுமா?

"சார், ஒரு தடவை போட்டா அப்புறம் கையே வைக்க வேண்டாத மூடாக்கு எது?"

இரண்டு மூன்று வருஷமாக என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள். பணி ஓய்வு பெற்று, ஊருக்கு வெளியே பத்து சென்ட் வாங்கி வீடு கட்டி, வீட்டைச் சுற்றி நாலு மரம் வைத்து, அப்படியே மெல்ல உழவுக்குள் இறங்கலாம் என்று நினைப்பவர்கள். காட்டில் மூடாக்கு போடுவதில் அவர்களுக்குச் சந்தேகம் கிடையாது. நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்டிருக்கிறார்கள், பாலேக்கர் சொல்லும் அச்சாதனா தெரியும். வீட்டு வாசல் என்று வரும்போதுதான் மனசு மாறுகிறது. சருகு குப்பையாகத் தெரிகிறது, வைக்கோல் ஆறு மாசத்தில் மக்கிவிடுகிறது. "நீடிச்சு உழைக்கிற மாதிரி வேறு ஏதாவது சொல்லுங்க" என்கிறார்கள்.

அப்படி ஒன்று இருக்கிறது. 2014-ல் என் வீட்டு முற்றத்தில் நானே அதைப் போட்டேன். 2017-ல் நானே கடப்பாரை எடுத்து அதைப் பெயர்த்தேன். அந்த மூன்று வருஷத்தில் நான் கற்றதைச் சொன்னால், கேட்கிறவர்களுக்குக் காசும் மிச்சம், ஒரு மரமும் மிச்சம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த காரியம்

வங்கியில் 33 ஆண்டு வேலை பார்த்துவிட்டு 2014-ல் விருப்ப ஓய்வு வாங்கினேன். உடுமலைப் பக்கம் அப்பா விட்டுப்போன நாலரை ஏக்கர். தென்னந்தோப்புதான் பெரும்பகுதி. பழைய ஓட்டு வீட்டை எடுத்துவிட்டுப் புது வீடு கட்டினோம். வாசலில் அப்பா வைத்த மாமரம் ஒன்று. கொட்டை போட்டு முளைத்த நாட்டு மரம். கட்டில் போட்டு அம்மா மத்தியானம் உட்காரும் இடம் அதுதான்.

வீடு முடிந்ததும் முற்றத்தை அழகுபடுத்த ஒருவரை அழைத்தோம். அவர் கைப்பேசியில் படம் படமாகக் காட்டினார். வெள்ளைக் கூழாங்கல், நடுவில் மரம், ஒரு சருகு கிடையாது. "சார், கீழே கெட்டியா கறுப்பு ஷீட் விரிச்சு மேலே ரெண்டு இஞ்ச் கல் போட்டுட்டா உங்க பேரன் காலம் வரைக்கும் அப்படியே இருக்கும். களை வராது, பராமரிப்பே வேண்டாம்" என்றார். 600 சதுர அடி. கல் மட்டும் நாலரை டன் இறங்கியது. கல், ஷீட், கூலி எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய். ஓய்வூதியப் பணம் கையில் இருந்த நேரம், கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதல் வருஷம் வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டாம் வருஷம் மாம்பூவும் வேப்பஞ்சருகும் புழுதியும் கல் இடுக்கில் இறங்க ஆரம்பித்தன. கூட்டினால் கல்லும் சேர்ந்து வருகிறது. கூட்டாவிட்டால் மக்கி மண்ணாகிறது. அந்த மண்ணில் ஷீட்டுக்கு மேலேயே அருகு முளைத்தது. கோரை கீழே இருந்து ஷீட்டைக் குத்திக்கொண்டு வந்தது. கோரையின் நுனி ஊசி மாதிரி. நெகிழித் தாளெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை. களை வராது என்று வாங்கிய பொருளில் களை பிடுங்க ஆள் விட்டேன். கல்லுக்குள் கொத்து போட முடியாது, ஒவ்வொன்றாகக் கையால்தான் பிடுங்க வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2017 சித்திரையில் எங்கள் பக்கம் கிணறுகள் தரை தட்டின. தோப்பில் உரிமட்டை மூடாக்குப் போட்டிருந்த தென்னைகள் ஓலை தொங்கினாலும் தாங்கி நின்றன. வாசலில் தண்ணீர்க் குழாய்க்கு எட்டின தூரத்தில் நின்ற மாமரம் உச்சியில் இருந்து காய ஆரம்பித்தது. "மரம் ஏண்டா இப்படி வாடுது? தண்ணி விடறியா இல்லையா?" என்று அம்மா கேட்டார். விட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

தோப்பில் எங்களோடு இருபது வருஷமாக வேலை செய்கிற அம்மா ஒருவர்தான் சொன்னார்: "ஏனுங் சார், பாயை விரிச்சு அதுமேல கல்லையும் கொட்டிப்போட்டா மண்ணுக்கு மூச்சு முட்டாதுங்ளா?"

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு மூலையில் கல்லை ஒதுக்கி ஷீட்டைத் தூக்கிப் பார்த்தேன். கீழே மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மரத்தடியில் தண்ணீர் ஊற்றுவதற்கு விட்டிருந்த ஓட்டையைச் சுற்றி மட்டும் ஈரம், அங்கேயும் புளித்த வாடை. மண்புழு ஒன்றுகூட இல்லை. மரத்துக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் சல்லிவேர் பெரும்பாலும் மேல் ஒரு அடி, ஒன்றரை அடி மண்ணில்தான் இருக்கும். அந்த ஒரு அடியைத்தான் நான் காற்றும் மழையும் போகாமல் மூன்று வருஷம் மூடி வைத்திருந்தேன்.

மழைக் கணக்கு

வங்கிக்காரன் என்பதால் அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் உங்கள் முற்றத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியானால் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த முற்றத்தில் விழுவது 2,800 லிட்டர். அவ்வளவும் மரத்தின் வேர் மேல் விழ வேண்டிய தண்ணீர். ஷீட் மேல் வழிந்து, கேட்டைத் தாண்டி, தார்ச்சாலைக்குப் போயிற்று. பிறகு நான் மோட்டார் போட்டு, 600 அடி ஆழத்துத் தண்ணீரை எடுத்து, ஓட்டை வழியாக மரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்த வரவைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கடன் வாங்கிச் செலவு செய்கிற குடும்பம் மாதிரி.

இதற்கு மேல் வெயில். சித்திரை வைகாசியில் கல் பகலெல்லாம் சூடு குடித்து, ராத்திரி வெகுநேரம் வரை அதை வெளியே விடும். கல் போட்ட பிறகு வாசல் திண்ணையில் பத்து மணிக்குக்கூட அனல் அடித்தது. அம்மா கட்டிலைப் பின்பக்கம் மாற்றச் சொன்னதற்குக் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கல் எல்லா இடத்திலும் தப்பா?

இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும். உலகத்தில் கல்லையே மூடாக்காகப் போட்டு நல்ல விவசாயம் செய்கிற ஊர்கள் இருக்கின்றன. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் லான்சரோட்டே என்று ஒரு தீவு. 1730-ல் தொடங்கி 1736 வரை அங்கே எரிமலை வெடித்து, வயல்களை எல்லாம் கறுப்புச் சாம்பல் மணல் மூடிவிட்டது. அந்த மக்கள் சாம்பலில் குழி தோண்டி, கீழே இருக்கும் பழைய மண்ணில் வேர் படும்படி திராட்சை நட்டார்கள். மேலே கிடக்கும் சாம்பல் துகள்கள் ஈரத்தைப் பிடித்து வைத்து ஆவியாகாமல் காக்கின்றன. மழை மிகக் குறைவான அந்தத் தீவில் இன்றைக்கும் அப்படித்தான் திராட்சை விளைகிறது. சீனாவின் கான்சு மாகாணத்திலும் பல நூறு ஆண்டுகளாகச் சரளையும் மணலும் பரப்பித் தர்பூசணி, முலாம்பழம் சாகுபடி செய்கிறார்கள்.

ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அவர்கள் கல்லுக்குக் கீழே நெகிழி விரிக்கவில்லை. கல் மண்மேல் நேரடியாகக் கிடக்கிறது, பெய்கிற கொஞ்சம் மழையும் உள்ளே இறங்குகிறது. இரண்டு, அந்தக் கல்லுக்கும் ஆயுசு உண்டு. கான்சுவில் சில பத்தாண்டுகளில் மண் மேலே கலந்து கல்லின் பலன் குறைகிறது. அப்புறம் அள்ளிப் புதுசாகப் போட வேண்டும். ஆக, காலத்துக்கும் கிடக்கிற மூடாக்கு என்று கல்லைக்கூடச் சொல்ல முடியாது.

அவர்கள் கல்லைப் போட்டதற்குக் காரணம், கையில் அதுதான் இருந்தது. நமக்கு என்ன குறை? பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தேங்காய்க் களங்களில் மட்டை மலை மலையாய்க் கிடக்கிறது. டெல்டாவில் வைக்கோல், கரும்புப் பகுதியில் சோகை, மானாவாரிப் பக்கம் கடலைத்தொலி. இதையெல்லாம் விட்டுவிட்டு எங்கிருந்தோ லாரியில் கல் வருகிறது.

இப்போது நகரங்களில் இன்னொன்றும் வருகிறது. பழைய டயரை நறுக்கிச் சாயம் பூசி மூடாக்கு என்று விற்கிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் மக்காது என்பதுதான் விளம்பரம். டயரில் துத்தநாகம் இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கும். தீப்பிடித்தால் அணைப்பதும் கஷ்டம். டயர் ரப்பரில் சேர்க்கிற ஒரு வேதிப்பொருள், காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறி, மழைநீரோடு ஓடையில் கலந்து கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த மாநிலத்தில் அது சாலையில் தேய்ந்த டயர்த் தூள். நாம் அதையே காசு கொடுத்து வாங்கிக் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் போட வேண்டுமா?

எது நீடிக்க வேண்டும்?

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "நீடித்து உழைக்கும் மூடாக்கு" என்று தேடும்போது நாம் பொருளின் ஆயுசைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது மண்ணின் ஆயுசு.

வங்கி மொழியில் சொன்னால், கூழாங்கல் தேய்மானம் இல்லாத சொத்து மாதிரித் தெரியும். ஆனால் அது ஒரு பைசா வட்டி தராத சொத்து. சருகும் மட்டையும் வருஷா வருஷம் தேய்கிறது உண்மைதான். தேய்ந்தது எங்கே போயிற்று? உங்கள் மண்ணுக்குள்தான். மூடாக்கு மக்குவது நஷ்டம் இல்லை, அதுதான் வட்டி.

அதற்காக ஆறு மாசத்துக்கு ஒருமுறை வைக்கோல் தேடி அலையச் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு முதுகுவலி என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். மெதுவாக மக்குகிற பொருள் இருக்கிறது. இரண்டு, மூன்று வருஷம் நின்று, அப்புறம் மண்ணாகிற பொருள். என் பார்வையில் அதுதான் சரியான நீடிப்பு.

எட்டு வருஷத்தில் நான் பார்த்தது

2017 ஆடியில் ஷீட்டையும் கல்லையும் எடுத்த பிறகு, முற்றத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெவ்வேறு மூடாக்குப் போட்டுப் பார்த்தேன். அனுபவத்தை அப்படியே தருகிறேன்.

உரிமட்டை: என் முதல் வாக்கு இதற்குத்தான். தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் 100 மட்டைகளை, குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். கணக்குப் பார்த்தால் சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மட்டை. வீட்டு முற்றத்துக்கும் அதே அளவு போதும். நார்ப்பக்கம் மண்ணைத் தொட வேண்டும், வழவழப்பான தோல்பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். நார் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். தோல் வெயிலைத் தாங்கும். மட்டை குழிந்து தண்ணீர் தேங்காது, கொசு வராது. மாற்றிப் போட்டால் ஒவ்வொரு மட்டையும் ஒரு கொசுத்தொட்டி. மட்டையில் சாம்பல் சத்து அதிகம், அது மண்ணுக்குக் கிடைக்கிறது. பச்சை மட்டையில் இருந்து முதல் மழைக்குப் பழுப்புச் சாறு இறங்கும். இளம் நாற்றுகளுக்கு அது ஆகாது, அதனால் ஒரு மழை நனைந்த பழைய மட்டையாகப் பார்த்து எடுங்கள். என் முற்றத்தில் ஒருமுறை அடுக்கினது மூன்று வருஷம் வந்தது. நடுவில் ஆங்காங்கே பத்து இருபது மட்டை செருகினேன், அவ்வளவுதான். முதல் தடவை லோடு ஆட்டோ வாடகை உட்பட ஆனது 2,500 ரூபாய். நார் மில்களின் கிராக்கியைப் பொறுத்து விலை ஏறும் இறங்கும்.

தென்னை மட்டையின் அடிப்பகுதி: ஓலையைக் கழித்துவிட்டு, அடித்தண்டை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டிப் பாத்தி ஓரத்தில் வரிசையாக வைத்தேன். செங்கல் வரப்பு மாதிரி இருக்கிறது. இரண்டு வருஷம் தாங்கும். ஒரு காசு செலவு இல்லை.

மரச்சிப்பு: மின்கம்பிக்காக வெட்டிப்போடும் கிளைகளைச் சிப்பு எந்திரத்தில் கொடுத்து வாங்கினால் நல்ல மூடாக்கு. மூன்று, நான்கு அங்குலம் போட்டால் இரண்டு வருஷம் வரும். மண்மேல் பரப்புங்கள், மண்ணோடு கலந்து கொத்தாதீர்கள். கலந்தால் மக்குவதற்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். பிளைவுட், பழைய பெயின்ட் அடித்த பலகை இவற்றின் தூள் வேண்டவே வேண்டாம்.

நார்க்கழிவு: தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், மெதுவாக மக்கும். ஆனால் காய்ந்தால் காற்றில் பறந்து வீட்டுக்குள் வரும். மக்க வைத்ததை வாங்கி, உரிமட்டைக்கு அடியில் ஒரு அங்குலம் போடுவது என் வழக்கம். சில இடத்துக் கழிவில் உப்பு அதிகம் இருக்கும், ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிவிட்டால் நல்லது.

சோகை, வைக்கோல், கடலைத்தொலி: ஒரு வருஷத்துக்குள் போய்விடும். கீரைப் பாத்திக்கும் காய்கறிக்கும் இதுதான் சரி. அங்கே எப்படியும் மூன்று மாசத்துக்கு ஒருமுறை கை வைக்கத்தானே போகிறோம்.

பொடுதலை: இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வரப்பிலும் குளத்தங்கரையிலும் தரையோடு படர்ந்து, குட்டியாக வெள்ளையும் ஊதாவுமாகப் பூ விடுமே, அதுதான். புல்வெளி ஆசை உள்ளவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. நாலு துண்டு கொண்டுவந்து ஒரு அடி இடைவெளியில் நட்டேன். ஒரு மழைக்காலத்தில் 150 சதுர அடியை மூடிவிட்டது. கால் வைத்து நடக்கலாம், தேனீ வருகிறது. கடும் கோடையில் சிறுத்துப் போகும், மழை கண்டால் மறுபடி விரிந்துகொள்ளும். பாத்திக்குள் நுழையப் பார்க்கும், ஓரத்தை அவ்வப்போது மண்வெட்டியால் வெட்டிவிட வேண்டும். உண்மையில் காலத்துக்கும் கிடக்கிற மூடாக்கு ஒன்று உண்டென்றால் அது இப்படி உயிருள்ள மூடாக்குதான். அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

பயப்பட வேண்டிய இடமும் உண்டு

மட்டை மூடாக்கு என்றதும் வீட்டுப் பெண்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் நியாயமானவை. பதில் சொல்லாமல் நகரக் கூடாது.

கறையான் வருமா? வரும். காட்டில் அது நமக்கு வேலைக்காரன், மட்டையைத் தின்று மண்ணாக்குகிறது. வீட்டுக் கதவு நிலைக்கு அது எதிரி. அதனால் சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்கு எந்த இலைதழை மூடாக்கும் வேண்டாம். அங்கே சரளை போடுங்கள், கீழே ஷீட் இல்லாமல். நான் பெயர்த்த வெள்ளைக் கூழாங்கல் முழுவதும் இப்போது சுவர் ஓரத்திலும் நடைபாதையிலும்தான் கிடக்கிறது. கல்லுக்கு ஏற்ற இடம் அதுதான்.

பாம்பு வருமா? குவியலாகப் போட்டால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். ஒரே அடுக்காகப் பரப்பினால் எலிக்கு இடமில்லை. வாசற்படி, நடைபாதை, குழாயடி இவற்றைச் சுற்றி மூன்று அடி வெறுந்தரையாகவோ சரளையாகவோ விடுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கல் முற்றத்திலும் இதே விதிதான்.

காண்டாமிருக வண்டு? அது முட்டை இடுவது எருக்குழியிலும் மக்கிப்போன தென்னங்கட்டையிலும். வீட்டுப் பக்கம் தென்னை இருந்தால் மட்டையை ஆழமாகக் குவிக்காதீர்கள், மக்கின கட்டையைப் போட்டு வைக்காதீர்கள்.

தீ? கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கைக் காய்ந்த மட்டைமேல் வைக்கக் கூடாது. வெளி அடுப்புக்கு ஆறு அடி சுற்றளவில் மூடாக்கு வேண்டாம். வீட்டில் சிகரெட் பிடிப்பவர் இருந்தால் அவருக்கு ஒரு தகர டப்பா வைத்துவிடுங்கள்.

அப்புறம் மரத்தண்டு. எந்த மூடாக்காக இருந்தாலும் தண்டை விட்டு ஒரு சாண் தள்ளியே போடுங்கள். தண்டோடு அணைத்துப் போட்டால் பட்டை அழுகும். தொட்டாங்குச்சியை மூடாக்காகப் போடுவது வேண்டாம், அது டெங்குக் கொசுவுக்கு நாம் கட்டித் தருகிற வீடு.

நம்மிடமே ஒரு கேள்வி

இயற்கை வேளாண்மைக்கான தேசியத் தர விதிகளே நெகிழி மூடாக்கை முழுவதுமாகத் தடை செய்யவில்லை. பாலித்தீன் போன்ற சிலவகைத் தாளுக்கு அனுமதி உண்டு. பயன்படுத்திய பிறகு மண்ணில் இருந்து எடுத்துவிட வேண்டும், நிலத்தில் வைத்து எரிக்கக் கூடாது என்பது நிபந்தனை. சான்றிதழுக்கு அது போதும். ஆனால் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழுசாக எடுக்க முடியாது. என் ஷீட் மூன்றே வருஷத்தில் வேர் பின்னி, வெயில் பட்ட ஓரமெல்லாம் அப்பளமாய் நொறுங்கிற்று. எட்டு வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கும் அந்த இடத்தில் கொத்தினால் நகத்தளவு கறுப்புத் துண்டு வருகிறது. வரும்போதெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டது நான்தானே.

நம் இயக்கத்து நண்பர்கள் பலர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். காட்டில் கால் புதையுமளவுக்கு மூடாக்கு, வாசலில் சிமென்ட் கல்லோ செயற்கைப் புல்லோ. தப்பாகச் சொல்லவில்லை, நானே அதைச் செய்தவன். ஆனால் நம்மிடம் கற்றுக்கொள்ள வருகிறவர் முதலில் பார்ப்பது வாசலைத்தான். நகரத்தில் இருந்து வருகிற இளைஞருக்கு நாலு ஏக்கர் இல்லை, நானூறு சதுர அடி முற்றம்தான் இருக்கிறது. அவர் திரும்பிப் போய்ச் செய்யக்கூடிய ஒரே வேலை, அந்த முற்றத்தை மண்ணாக வைத்திருப்பது. அதை நாம் செய்து காட்ட வேண்டாமா?

அந்த மாமரத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு பெரிய கிளைகளை அறுக்க வேண்டி வந்தது. மட்டை அடுக்கி, மாசம் ஒருமுறை அமுதக்கரைசல் ஊற்றினோம். மூன்றாம் வருஷம், 2020 தையில் மறுபடி பூத்தது. பழைய காய்ப்பு இன்னும் வரவில்லை, ஒரு பக்கம் மொட்டையாகத்தான் நிற்கிறது. அம்மா அந்தப் பூவைப் பார்க்கவில்லை. முந்தைய வருஷமே போய்விட்டார். கடைசி வரை கட்டிலைப் பின்பக்கம்தான் போட்டிருந்தார்.

இந்தப் புரட்டாசிக்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் முற்றத்தில் கல்லோ ஷீட்டோ கிடந்தால், மரத்துக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலம் மட்டும் தூக்கிப் பாருங்கள். கீழே மண்புழு இருந்தால் நான் சொன்னதை மறந்துவிடுங்கள். இல்லையென்றால், ஐப்பசி மழைக்கு முன்னால் கடப்பாரையை எடுங்கள்.